மர்ட்டா குடும்பத்துக் கல்லறையில் ஓரிடம்

கோடை பிறந்தால் போதும், எங்கள் அயர்லாந்துக் கிராமமான கில்வோரன் பங்குக்கு வாடகைக் கார்கள் வந்துவிடும். சந்துக்குள் நுழைந்துவிட்டுப் பின்னால் எடுக்கத் தெரியாமல் ஒரு கார் முழித்துக்கொண்டு நின்றால், யாரோ கொள்ளுத் தாத்தாவைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாஸ்டனிலிருந்து வருவார்கள், மெல்போர்னிலிருந்து வருவார்கள். இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே கென்னி என்று ஒருவர் இருந்தாராமே, தெரியுமா?" இருந்தாராமே! எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு கென்னியின் மண்டையில்தான் விழும். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நேரே போய் ஓனி ஹீவியைப் பாருங்க" என்று கை காட்டிவிடுவோம்.

ஓனிக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒண்டிக்கட்டை. வேலைக்காலம் முழுக்கப் பால் லாரி ஓட்டியவர், ஆகையால் எந்தச் சந்து எந்த வீட்டு முற்றத்தில் போய் முடியும், எந்த வீட்டுப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள், எந்தக் கூரை எந்தக் குடும்பம் கப்பல் ஏறிய பிறகு விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வந்தவர்களைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொள்வார். அவர்கள் போட்டு வரும் செருப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, பின்னால் வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுப்பார். முட்செடியை விலக்கி, இடிந்த சுவர் ஒன்றைக் காட்டி, "இதான் உங்க வீடு" என்பார். அவர்கள் அழுவார்கள். ஓனி தள்ளிப் போய் மாடுகளைப் பார்த்தபடி நிற்பார்.

அழுது முடித்ததும் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவரைக் கட்டிப்பிடித்து, "இனிமே நீங்களும் எங்க குடும்பம் மாதிரிதான்" என்பார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வரலாம். பிறகு நின்றுபோகும். ஓனி அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் டிசம்பர் மாதத்தில் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் மனுஷன் ஜன்னல் பக்கம் போய் நிற்பார், அதை நானே பார்த்திருக்கிறேன்.

தம்பி மேட்டி திருமணமாகி ஆத்லோன் டவுனுக்குப் போய்விட்டான். அப்பா அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொண்டது ஓனிதான். அவர்களும் போன பிறகு அந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. சில நாள் காலையிலிருந்து வாயே திறக்காமல் இருந்துவிட்டு, கடையில் போய் ரொட்டி கேட்கும்போது தொண்டை கரகரத்துக் குரல் வராது. கடைக்காரி சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மருந்து சொல்வாள். ரேடியோவில் சாவுச் செய்தி வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வைப்பார். எந்தப் பிணம் எங்கே விழுந்தாலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே போனால் நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள் அல்லவா.

போன வருஷம் வசந்தத்தின் ஆரம்பத்தில் அவருக்கே நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். நர்ஸ் பெண், "ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டிருக்கிறாள். ஓனி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, டிம்ப்னா ஃபாலன் பெயரைச் சொன்னார். "உங்களுக்கு அவங்க என்ன உறவு?" என்று அவள் கேட்டாள்.

"எங்க ஊர் கல்லறைக் கமிட்டித் தலைவி," என்றார் ஓனி.

நர்ஸ் சிரித்தாளாம். ஓனி சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் அவருக்கு அந்த விஷயம் உறைத்தது. அவருக்குப் படுக்க இடம் இல்லை.

எங்கள் கல்லறைத் தோட்டம் ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. எப்போதோ நிறைந்துவிட்டது. ஹீவி குடும்பத்துக் கல்லறையில் அப்பா, அம்மா, சித்தப்பா, பிறகு தம்பி மேட்டி. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பெட்டிக்கு இடம். அது மேட்டியின் மனைவி ரீட்டாவுக்கு. புருஷன் பக்கத்தில் பெண்டாட்டி, அதில் யார் வாயைத் திறக்க முடியும்? கஞ்சி ஊற்றிய மகனுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். இடம் இல்லாதவர்களுக்கு டவுனில் நெடுஞ்சாலை ஓரமாகக் கவுன்சில்காரர்கள் புதுக் கல்லறை போட்டிருக்கிறார்கள். அங்கே குடும்பமாவது ஒன்றாவது, செத்த வரிசைப்படிதான் படுக்க வைப்பார்கள். செவ்வாய்க்கிழமை செத்தவன் பக்கத்தில் புதன்கிழமை செத்தவன். ஓனிக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை. உயிரோடு இருந்தபோது தனியாக இருந்தது போதாதென்று, செத்த பிறகும் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கிடக்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை.

ஹீவி கல்லறைக்கு அடுத்தது மர்ட்டா குடும்பத்துக் கல்லறை. மர்ட்டாக்கள் ஆடு மேய்க்கும் வேலைக்கு அர்ஜென்டினா போனவர்கள். ஊரில் தங்கிய கடைசி மர்ட்டா கேட் அம்மாள், ஓனி அரை டிரவுசர் போட்ட காலத்தில் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அந்தக் கல்லறைக்கு உறவென்று ஈ காக்கை கூட வந்ததில்லை. எங்கள் ஊரில் ஜூலை மாதம் கல்லறை மந்திரிக்கும் ஞாயிறு வரும். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லறை மேல் நிற்க வேண்டும். சாமியார் ஜெபமாலை சொல்லிக்கொண்டே தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். ஆள் நிற்காத கல்லறை அன்றைக்குப் பல் விழுந்த வாய் மாதிரி ஊர் முழுக்கத் தெரியும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஓனி ஒவ்வொரு வருஷமும் ஒரு காலை ஹீவி பக்கமும் மறு காலை மர்ட்டா பக்கமுமாக வைத்துக்கொண்டு நிற்பார். மர்ட்டாக்களுக்குப் புல் வெட்டுவதும், கம்பிக்குப் பெயின்ட் அடிப்பதும் அவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேரே டிம்ப்னா வீட்டுக்குப் போனார். போனவர் விஷயத்துக்கு வரவேண்டுமே! மழையைப் பற்றிப் பேசினார், மாட்டு விலையைப் பற்றிப் பேசினார்.

"மர்ட்டா பக்கம் இந்த வருஷம் புல்லு ரொம்பத்தான் வளருது," என்றார் கடைசியாக.

"ஓனி, சுத்தி வளைக்காத. ஒனக்கு அந்த எடம் வேணும், அதானே?" என்றாள் டிம்ப்னா.

"நான் அப்படிச் சொல்லலியே."

"நீ எதத்தான் சொல்லிருக்க, பொறந்ததுலேருந்து? இங்க பாரு, அதுல ஒரே ஒரு பெட்டிக்குத்தான் எடம் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா நாளைக்கு மர்ட்டா வம்சம்னு எவனாவது வந்து நின்னா என் தலையத்தான் போட்டு உருட்டுவாங்க. ஒரு அறிவிப்பு போடு. அடுத்த வருஷம் மந்திரிக்கிற ஞாயிறு வரைக்கும் யாரும் வரலேன்னா எடம் ஒன்னோடது."

"அறிவிப்பு யாரு போடறது?"

"யாரா? ஊர் உலகத்துக்கெல்லாம் தாத்தாவத் தேடிக் குடுக்கிறியே, நீதான் போடணும்!"

பாருங்கள் கூத்தை. தன் இடத்துக்குப் போட்டிக்காரனைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். வேறொருவனாக இருந்தால் கோயில் கதவில் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, மழையில் கரையட்டும் என்று விட்டிருப்பான். ஓனியோ ரீட்டாவின் மகள் கொடுத்த பழைய டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, வம்சம் தேடுகிறவர்கள் கூடும் இணையப் பக்கங்களில் எல்லாம் போட்டார். அர்ஜென்டினாக்காரர்களின் பக்கத்திலும் போட்டார். இந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று எனக்கே கோபம் வந்தது.

அந்த ஜூலை போனது, கோடை போனது, பதில் இல்லை. கிறிஸ்துமஸ் போனது, பதில் இல்லை. ஓனிக்கு மெல்ல மெல்லத் தைரியம் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மேட்டுக்குப் போய், "என்ன மர்ட்டா, குளிருதா?" என்று கேட்டுவிட்டு வருவார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, ஒரு ஆள் வரேன்" என்பார். கேட் அம்மாள் காலடியில் ஒரு ரோஜாச் செடி வைத்தார். கடையில் தொண்டை கரகரப்பது கூடக் குறைந்திருந்தது. போக ஓரிடம் இருக்கிறது என்கிற நினைப்பே மனுஷனுக்கு எவ்வளவு தெம்பு!

மே மாதம் மெசேஜ் வந்தது.

கிராசியேலா மர்ட்டா என்று ஒரு பெண். பள்ளிக்கூட டீச்சராம். தன் கொள்ளுத் தாத்தா லாரன்ஸ் மர்ட்டா அயர்லாந்திலிருந்து ஆட்டுப் பண்ணைக்கு வந்தவர் என்றும், ஏரிக்கரை மேட்டில் ஒரு கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார் என்றும், அவருடைய அண்ணன் மகள் கேட் என்பவள் ஊரிலேயே தங்கிவிட்டதாகக் கேள்வி என்றும், அந்த ஊர் எது என்று மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

ஓனி அதை இரண்டு தடவை படித்தார். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார். அங்கே மாடு இல்லை, விற்று ரொம்ப நாள் ஆகிறது. சும்மா நின்றுவிட்டு வந்தார். பதில் போடாமல் நாளைக் கடத்தினார். எங்கள் பங்குக்கு வடக்கே இன்னொரு பங்கிலும் மர்ட்டாக்கள் உண்டு, அங்கேயும் ஏரி உண்டு. அங்கே அனுப்பிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? தவறான சுவரைக் கட்டிப்பிடித்து அழுதவர்களும் நிம்மதியாகத்தான் ஊர் திரும்பியிருக்கிறார்கள், அவருக்குத் தெரியாதா என்ன?

ஆனால் அந்த வாரம் புல் வெட்டப் போனபோது மர்ட்டாக்களிடம் வாய் திறக்க வரவில்லை. தலையைக் குனிந்தபடி புல்லை வெட்டி முடித்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதில் எழுதினார். 'உங்கள் ஆட்கள் இங்கேதான் இருக்கிறார்கள். சௌக்கியமாக இருக்கிறார்கள். ஜூலையில் கல்லறை மந்திரிக்கும் ஞாயிறுக்கு வாருங்கள்.' அனுப்பிவிட்டு அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

கிராசியேலா வந்தாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், ஒல்லியான பெண், வழக்கம்போலத் தப்பான செருப்பு. ஓனி பூட்ஸ் கொடுத்தார். இடிந்த வீட்டைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார். மற்றவர்களைப் போல இவள் உடனே அழவில்லை. எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கல்லறைக்கு வந்ததும் ரோஜாச் செடியைப் பார்த்துவிட்டு, "இதை யார் வைத்தது?" என்று கேட்டாள். "யாரோ," என்றார் ஓனி. அப்போதுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டில் எள் விழ இடம் இல்லை. ஆத்லோனிலிருந்து ரீட்டா மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று படையோடு வந்து ஹீவி கல்லறையைச் சுற்றி நின்றாள்.

"ஓனி, கொஞ்சம் தள்ளி நில்லேன். புள்ளைங்க நிக்க எடம் வேணாமா?" என்றாள்.

ஓனி தள்ளி நின்றார். ஒரு காலை வைக்க வழக்கமான மர்ட்டா பக்கம் பார்த்தார். அங்கே சொந்தக்காரி நிற்கிறாள், இனி எந்த உரிமையில் வைப்பது? நடைபாதைக்குப் போய் நின்றார். ஒலிபெருக்கியில் ஜெபமாலை தொடங்கிவிட்டது. ஊரே கல்லறை மேல் நிற்க, எந்தக் கல்லறையிலும் சேராமல் பாதையில் நின்ற ஒரே ஆள் ஓனி ஹீவிதான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓனி, இங்க வாங்க," என்றாள் கிராசியேலா. "இத்தனை வருஷம் நீங்கதான் இங்க நின்னீங்களாமே?"

போனார். இரண்டு காலையும் மர்ட்டாக்கள் பக்கம் வைத்து நின்றார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தபோது இரண்டு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்கவில்லை. அந்த அரை மணி நேரம் அவர் சந்தோஷமாக இருந்தார். அவர் முகத்தை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை.

பிறகு பங்கு மண்டபத்தில் டீயும் ஹாம் சாண்ட்விச்சும். கிராசியேலா வெளியே போய் யாரிடமோ அவள் பாஷையில் வெகுநேரம் போனில் பேசினாள். உள்ளே வந்து டிம்ப்னாவைத் தனியே கூட்டிப்போய் ஏதோ பேசினாள். கடைசியில் ஓனியிடம் வந்து, "என்னோட கொஞ்சம் மேட்டுக்கு வரீங்களா?" என்றாள்.

கல்லறை முன்னால் நின்று அவள் சொன்னாள்: "டிம்ப்னா எல்லாத்தையும் சொன்னாங்க. இதுல ஒரு பெட்டிக்குத்தான் எடம் இருக்காம். நீங்க இங்க படுக்கணும்னு ஆசைப்படறீங்களா? ஆசை இருந்தா இது உங்களுக்குத்தான். மனசாரச் சொல்றேன்."

ஒரு வருஷமாக ஓனி எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"சேச்சே! அய்யய்யோ, அதெல்லாம் வேண்டாங்க. உங்க குடும்பத்து எடம். எனக்கு எதுக்கு? என்னை எங்கயாவது ஒரு மூலையில போட்டா போச்சு."

வேறென்ன சொல்வார்? எங்கள் ஊரில் முதல் தடவையே சரி என்று சொல்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. டீ குடிக்கிறாயா என்றால், வேண்டாம், இப்போதுதான் குடித்தேன். அட, ஒரு வாய் குடி என்றால், உனக்கு எதுக்குச் சிரமம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து உட்கார வைத்தால்தான், சரி, நீ இவ்வளவு சொல்கிறாய் என்பதற்காக. கேட்டதும் கையை நீட்டுகிறவனுக்கு அலைகிறவன் என்று பெயர். எங்கள் ஊர் டாம் கான்லியை மாட்டேன் மாட்டேன் என்று விரட்டிய பெண்தான் இன்று அவனுக்கு ஐந்து பிள்ளை பெற்றுக் கொடுத்திருக்கிறாள். ஒரு கோப்பை டீக்கே இவ்வளவு சடங்கு என்றால், காலம் முழுக்கப் படுக்கிற இடத்துக்கு எவ்வளவு வேண்டும்? ஓனி முதல் 'வேண்டாம்' சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிராசியேலாவின் முகம் மலர்ந்தது. கண் கலங்க அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! ரொம்ப நன்றி," என்றாள்.

ஓனிக்கு இது புரியவில்லை. ஒருவேளை அவர்கள் ஊரில் இரண்டாம் தடவை இப்படித்தான் தொடங்குவார்களோ என்று காத்திருந்தார். அவளோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்கதவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓனி பின்னாலேயே நடந்தார், முடிந்த அளவு மெதுவாக.

"இந்த மேடு நல்ல காஞ்ச மண்ணுங்க. தண்ணியே நிக்காது," என்றார்.

"அப்படியா? நல்லது."

"காலைல மொத வெயில் இங்கதான் விழும்."

"ஆமா, ரொம்ப அழகான எடம்."

"டவுன்ல ஒரு புதுக் கல்லறை இருக்கு. லாரி சத்தம் தாங்க முடியாது."

"ஐயோ, பாவம்," என்றாள் அவள்.

'வேண்டும்' என்ற ஒரு வார்த்தை அவர் நாக்கு நுனியில் நின்றது. எத்தனையோ பேரின் ஊர், பெயர், வீடு எல்லாம் எடுத்துச் சொன்ன நாக்கு. தனக்கென்று கேட்டுப் பழக்கம் இல்லை. வாசற்கதவின் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது போல அதைச் சும்மா ஆட்டிக்கொண்டு நின்றார். அவள் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். எஞ்சினைப் போட்டவள், என்னவோ நினைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். ஓனி ஓடிப்போய்க் குனிந்தார்.

"டப்ளினுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?" என்றாள்.

"இடது பக்கம்," என்றார் ஓனி.

கார் போய்விட்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் சாலையிலேயே நின்றார். திரும்பி வந்தாலும் வரலாம் என்று நினைத்தாராம்.

மறுநாள் காலை டிம்ப்னா மிச்சமிருந்த பழக் கேக்கை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். ஓனி டீ போட்டுக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தும் உட்காராமலும் பொரிந்து தள்ளினாள்.

"யேசு மரி சூசையே, ஓனி, நீ என்ன மனுஷன்! அந்தப் பொண்ணு ராத்திரி டப்ளின்லேருந்து போன் பண்ணா. அவளோட அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயசாம், படுத்த படுக்கை. நேத்து மண்டபத்துக்கு வெளிய நின்னு பேசினாளே, அவருகிட்டதான். கல்லறையப் பத்திச் சொன்னதும், நான் செத்தா என்னை அங்க கொண்டு போயிடுன்னு அழுதிருக்காரு. நான் சொன்னேன், அம்மா, ஓனி ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கான், அவனக் கேக்காம என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. அதுக்கு அவ, நியாயந்தான், அவர் வேணும்னு சொன்னா எங்கப்பாகிட்ட இல்லேன்னு சொல்லிடறேன்னு சொன்னா. அப்பா விஷயத்த ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, சொன்னா நீ தர்மசங்கடப்படுவியாம். இப்ப பாத்தா, நீ பட்டுனு வேண்டாம்னுட்டியாமே! உடனே அப்பாவுக்குச் சொல்லிட்டா. அந்த ஆளு சின்னப் புள்ள மாதிரி சிரிக்கிறாராம். பெட்டி விமானத்துல வருமாம்."

ஓனி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரட்டும்," என்றார். "அவரோட எடம்தானே. அவரோட ஆளுங்கதானே."

"அது சரி. இனிமே நான் எந்த வாயால அந்தக் கிழவர்கிட்ட இல்லேன்னு சொல்றது? ஆனா எனக்கு ஒண்ணு புரியல. அவ வந்து கேட்டாளா, இல்லையா?"

"கேட்டா."

"ஒனக்கு வேணும்தானே?"

ஓனி தலையை ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது, மறைக்கத் தெரியவில்லை.

"அப்புறம் ஏன்யா வேண்டாம்னு சொன்ன?"

"அவ ஒரு தடவதான் கேட்டா, டிம்ப்னா."

டிம்ப்னா எங்கள் ஊர்க்காரி. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.